பியானோ வாசிப்பிலிருந்து அச்சு இசைத்தாள்

பியானோவில் ஒருவர் வாசிக்கும் இசையைக் கணினி கேட்டு, அதை ஐந்துகோட்டு இசைக்குறியீடாக எழுதி, அச்சிடத்தக்க தாளாகத் தருவதைத் தானியங்கி இசைப் படியெடுப்பு என்பர். மேல்நாட்டு இசை பயில்வோர் ‘ஸ்டாஃப் நொட்டேஷன்’ என்று சொல்வதே இங்கு ஐந்துகோட்டுக் குறியீடு எனப்படுகிறது. ஐந்து கிடைக்கோடுகளின் மேலும் இடையிலும் புள்ளிகளை வைத்து எழுதுவதால் அந்தப் பெயர் பொருந்தும்.

ஒலிப்பதிவைக் கொடுத்தால் தாள் வந்துவிடும் என்று கேட்கும்போது இது ஒரே வேலை போலத் தோன்றும். உண்மையில் இரண்டு வேலைகள். வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்திய ஆசிரியர்களுக்கு இது உடனே விளங்கும். மாணவன் முதலில் சொல்லைச் சரியாகக் கேட்க வேண்டும்; பிறகு அதைப் பிழையின்றி எழுத வேண்டும். ‘அறை’ என்று சொன்னாலும் ‘அரை’ என்று சொன்னாலும் எங்கள் பக்கத்துப் பேச்சில் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்த எழுத்தைப் போடுவது என்பதை வாக்கியத்தின் பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பியானோ இசையைப் பொறுத்தவரை, கேட்கும் வேலையில் கணினி இன்று நல்ல மாணவன். எழுதும் வேலையில் இன்னும் தடுமாறும் மாணவன். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் மென்பொருளை நம்பி ஏமாறுவோர் பலர். நானும் ஒருமுறை ஏமாந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்டதை எழுதி வைக்கும் வழக்கம்

இசையை எழுத்தில் நிறுத்தும் முயற்சி நமக்குப் புதிதன்று. திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டையைக் கடந்து மேற்கே சென்றால் குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்கள் கொண்ட தொகுதிகளாக வெட்டப்பட்டது. எழுத்தின் அமைதியைக் கொண்டு அதை 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். ரி என்னும் ஒரே சுரம் அதில் ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. அந்த மாற்றத்தின் பொருள் என்ன என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எழுதியது அப்படியே இருக்கிறது. எப்படிப் படிப்பது என்பதுதான் கைநழுவிப் போயிற்று. இசைக்குறியீட்டைப் பற்றிப் பேசும் எவரும் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டிய பாறை அது.

ஐந்துகோட்டுக் குறியீடு ஐரோப்பியரோடு வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் மேல்நாட்டு வாத்தியக் குழு வைத்திருந்தார். அக்காலத்து ஐந்துகோட்டுக் கையெழுத்துப் படிகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. ஆனால் கருநாடக இசையைக் காதால் கேட்டு ஐந்துகோட்டில் எழுதுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் சென்னையைச் சேர்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார். வாலாஜாபேட்டைச் சீடர் பரம்பரையினரிடமிருந்து தியாகராசர் கீர்த்தனைகளைப் பெற்று, 1890களில் மாத இதழாக அச்சிட்டு வெளியிட்டார். அந்த உழைப்பில் கண்பார்வையும் கைப்பணமும் கரைந்தன. எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் தம்மிடமிருந்த உருப்படிகளை எழுதி வெளியிட வேண்டும் என்று தூண்டியவரும் அவரே. அதன் பயனாக 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சாயிற்று. முதலியாரின் காதும் பேனாவும் செய்த வேலையைத்தான் இன்று கணினியிடம் ஒப்படைக்கிறோம். ஒரு கீர்த்தனை எழுத எத்தனை முறை கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் கணினியின் அருமை தெரியும்.

கட்டையிலிருந்து காது வரை

முழு அளவுப் பியானோவில் 88 கட்டைகள் உண்டு. ஆர்மோனியக்காரர்கள் வழக்கத்தை ஒட்டி இங்கும் ‘கட்டை’ என்றே சொல்கிறேன். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளிப் பஞ்சு போர்த்திய ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடித்துவிட்டு உடனே பின்வாங்கும். அடிப்பகுதிக் கட்டைகளுக்கு ஒரு தடித்த கம்பி, அதற்கு மேல் இரண்டு, நடுவிலும் மேலேயும் மும்மூன்று என ஏறக்குறைய 230 கம்பிகள். மிகத் தாழ்ந்த கட்டையின் அதிர்வெண் 27.5 ஹெர்ட்ஸ், மிக உயர்ந்தது 4186 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அதிர்வெண் 1.0595 மடங்கு கூடும். பன்னிரண்டு கட்டை ஏறினால் சரியாக இரு மடங்கு. அதுவே ஒரு ஸ்தாயி.

ஒரே ஒரு சுரம் ஒலித்தால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. புல்லாங்குழல் வாசிப்பைச் சுரமாக்கிக் காட்டும் செயலிகள் கைப்பேசியிலேயே உண்டு. பியானோவில் பத்து விரல்கள். அதோடு பெடலை மிதித்தால் விரல் எடுத்த பின்னும் ஒலி நிற்கும். எந்த நேரத்திலும் எட்டு, பத்துச் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மேற்சுரங்கள். பதினோராம் வகுப்பு இயற்பியலில் இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வைப் படித்தவர்கள் நினைவுகூரலாம். 220 ஹெர்ட்ஸ் கம்பி 220இல் மட்டும் அதிர்வதில்லை. 440, 660, 880 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிரும். இப்போது அதே வாசிப்பில் 440 ஹெர்ட்ஸ் கட்டையையும் ஒருவர் சேர்த்து அழுத்தினால்? அதன் ஒலி முழுவதும் முதல் கட்டையின் மேற்சுரங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். மேல்ஸ்தாயி சட்ஜமும் சேர்ந்து வாசிக்கப்பட்டதா, இல்லை கீழ்ச்சட்ஜத்தின் எதிரொலியா என்று பிரித்தறிவது மனிதக் காதுக்கே கடினம். போதாக்குறைக்குப் பியானோக் கம்பி எஃகால் ஆனது, விறைப்பானது. அதனால் மேற்சுரங்கள் துல்லியமான மடங்கில் நிற்காமல் சற்றே கூர்மையாக விலகும். பாடநூல் சூத்திரத்தை அப்படியே போட்டால் கணக்கு உதைக்கும்.

அடிப்பகுதியில் இன்னொரு தொல்லை. கடைசிக் கட்டை 27.5, அடுத்தது 29.1 ஹெர்ட்ஸ். வேறுபாடு ஏறக்குறைய 1.6. இவ்வளவு நெருங்கிய இரண்டு அதிர்வெண்களை அடிப்படை அலையை மட்டும் வைத்துப் பிரிக்க வேண்டுமானால் அரை வினாடிக்கு மேல் தொடர்ந்து கேட்க வேண்டும். அதற்குள் வாசிப்பவர் நான்கு சுரங்களைத் தாண்டிப் போயிருப்பார். அதிர்வெண்ணைத் துல்லியமாக அறிய நேரம் வேண்டும். நேரத்தைத் துல்லியமாக அறிய முயன்றால் அதிர்வெண் மங்கும். இரண்டையும் ஒருங்கே பெற முடியாது என்பது கணிதத்தின் விதி. இங்கே மேற்சுரங்களே உதவிக்கும் வருகின்றன. பத்தாவது மேற்சுரத்தில் அந்த 1.6, 16 ஆக விரிந்துவிடும். அங்கே பார்த்தால் எளிதில் பிரிக்கலாம்.

பியானோவுக்கு ஒரு நற்குணமும் உண்டு. சுத்தியல் அடிக்கும் அந்த நொடிப்பொழுதில் ஒலி சட்டென்று எழும். பிறகு தேய்ந்துகொண்டே போகும். வயலினில் வில் எப்போது தொடங்கியது என்பது மழுங்கலாக இருக்கும். பியானோவில் தொடக்கம் ஆணி அடித்தாற்போல இருக்கும். தானியங்கிப் படியெடுப்பு மற்ற வாத்தியங்களைவிடப் பியானோவில் வேகமாக முன்னேறியதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இயந்திரம் கற்ற விதம்

வாசிப்பதைத் தானாக எழுதும் பொறி வேண்டும் என்ற ஆசை மின்சாரத்துக்கும் முந்தியது. ஆர்கனிலோ ஆர்ப்சிகார்டிலோ ஒரு வித்துவான் வாசிக்கும் வேகத்திலேயே எழுதிக்கொண்டு போகும் பொறியைச் செய்ய முடியும் என்று விளக்கும் ஒரு கட்டுரை, கிரீட் என்னும் பாதிரியார் எழுதியது, 1747இல் லண்டன் ராயல் சொசைட்டி முன் வைக்கப்பட்டது. சுழலும் உருளைத் தாளில் கட்டைகள் கோடு கிழிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 1904இல் செர்மனியின் வெல்டே நிறுவனம் வாசிப்பைத் துளையிட்ட தாள் சுருளில் பிடித்து, பியானோவே அதைத் திரும்ப வாசிக்குமாறு செய்தது. அந்தச் சுருள் இசைத்தாள் அன்று. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு நேரம் என்பதும் அழுத்தமும் பெடலுமே அதில் இருந்தன. வேறுபாட்டை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

1983இல் மிடி என்ற பொது மொழி வந்தது. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான விதிமுறை அது. ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண். நடு ‘சி’க்கு 60. அழுத்தத்துக்கு 0 முதல் 127 வரை ஓர் எண். கீபோர்டிலிருந்து தாள் எடுப்பது இதனால் பாதி எளிதாயிற்று. ஏனென்றால் கீபோர்டு ஒலியைத் தருவதற்கு முன்பே எண்ணைத் தந்துவிடுகிறது. கேட்கும் வேலையே இல்லை. யமஹா நிறுவனம் 1980களில் கொண்டுவந்த டிஸ்க்ளேவியர் என்னும் பியானோ, உண்மையான கம்பியும் சுத்தியலும் உடையது. கட்டைகளுக்கு உள்ளே உணரிகளும் உண்டு.

சாதாரணப் பியானோவின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு சுரம் கண்டுபிடிப்பது வேறு கதை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மூரர் 1975இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இரு குரல் இசையைக் கணினி கொண்டு படியெடுத்துக் காட்டினார். இரண்டு குரல்கள், அதற்கும் பல கட்டுப்பாடுகள். அடுத்த நாற்பது ஆண்டுகள் பலரும் மேற்சுரச் சூத்திரங்களோடு மல்லுக்கட்டினார்கள்.

திருப்பம் நரம்பணு வலையமைப்புகளோடு வந்தது. கூகுளின் மஜெண்டா குழுவினர் 2017–18இல் வெளியிட்ட முறை, சுரத்தின் தொடக்கத்தைத் தனியாகவும், சுரம் நீடிப்பதைத் தனியாகவும் கண்டறியுமாறு இரண்டு பகுதிகளாகப் பிரித்தது. தொடக்கம் தெளிவாகத் தெரியாத சுரத்தைச் சந்தேகத்தோடு பார் என்பதே அதன் விதி. ஆணி அடித்தாற்போன்ற அந்த நற்குணத்தை அவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கற்றுக்கொடுக்கப் பாடம் வேண்டுமே? அதற்கு டிஸ்க்ளேவியர் பியானோவில் நடந்த ஒரு பன்னாட்டுப் போட்டியின் பதிவுகள் கிடைத்தன. ஒரு பக்கம் ஒலி. மறுபக்கம் எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது என்ற மிடி எண்கள். சுமார் 200 மணி நேரம், மில்லி வினாடிக் கணக்கில் பொருத்தப்பட்டவை. கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒருசேரக் கிடைத்த மாணவன் தேறாமல் இருப்பானா? 2020இல் பைட்டான்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் பெடல் மிதிப்பையும் சேர்த்துக் கண்டறியும் முறையை வெளியிட்டு, அதைக் கொண்டே 10,855 பியானோ உருப்படிகளை மிடியாக மாற்றினார்கள்.

இந்த முறைகள் தேர்வுப் பதிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு அளவுக்கு மதிப்பெண் பெறுகின்றன. பெரிய எண்தான். ஆனால் 1500 சுரங்கள் கொண்ட மூன்று நிமிட வாசிப்பில், ஐம்பது, அறுபது அளவில் விடுபடலும் ஏறக்குறைய அதே அளவு வேண்டாத சேர்க்கையும் இருக்கும் என்பது அதன் மறுபக்கம். தேர்வு நடந்ததும் பாடம் படித்த அதே வகைப் பெரிய பியானோவில், நல்ல ஒலிவாங்கி வைத்து. நம் ஊர்க் கூடத்தில் சுருதி தளர்ந்த பழைய நிமிர்ந்த பியானோ, மேலே மின்விசிறி, வெளியே மினி பஸ் ஆரன் என்றால் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும்.

எழுத்துப்பிழைகள்

இவ்வளவும் முடிந்து கையில் இருப்பது இசைத்தாள் அன்று, மிடி மட்டுமே. வெல்டே சுருளில் இருந்த அதே வகைச் செய்திகள்தாம். இதைப் படிக்கத்தக்க தாளாக்குவதில்தான் சொல்வதெழுதுதலின் இரண்டாம் பாதி தொடங்குகிறது.

முதலாவது தாளம். நிமிடத்துக்கு 60 அடி என்ற காலப்பிரமாணத்தில் ஓர் அடிக்கு ஒரு வினாடி. சதுரசிர நடையில் அடியை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 0.25 வினாடி, திசிர நடையில் மூன்றாகப் பிரித்தால் 0.33. வாசிப்பவர் ஒரு சுரத்தை 0.29 வினாடி பிடித்தார் என்று கணினி சொல்கிறது. இது சதுரசிரமா, திசிரமா? 0.29 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மனிதர் எவரும் கடிகாரம் போல வாசிப்பதில்லை. உருக்கமான இடத்தில் இழுப்பார்கள், அடுத்த வரியில் ஈடுகட்டுவார்கள். தாளம் போட்டுக் கேட்கும் நமக்கு அது ஒரு சிரமமும் இல்லை. மென்பொருளோ அந்த இழுப்பைக் குறியீடாக எழுத முயன்று, முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதற்கொரு புள்ளி, அடுத்த அளவுக்கோட்டுக்கு ஒரு வளைவு என்று தாளை எறும்புப் புற்றாக்கிவிடும். ஒவ்வொரு குறியும் அதனளவில் சரி. மொத்தத்தில் யாராலும் வாசிக்க முடியாது.

இரண்டாவது கை. பியானோத் தாளில் வலக்கைக்கு மேலே ஓர் ஐந்துகோடு, இடக்கைக்குக் கீழே ஓர் ஐந்துகோடு. ஒலியில் கை தெரியாது. எளிய மென்பொருள்கள் நடு ‘சி’க்கு மேலே இருப்பதெல்லாம் வலக்கை, கீழே இருப்பதெல்லாம் இடக்கை என்று வெட்டிவிடும். இடக்கைப் பெருவிரல் நடு ‘சி’யைத் தாண்டி ஒரு சுரம் எட்டித் தொட்டால், அது வலக்கைக் கணக்கில் சேரும். பிறகு வலக்கைக்கு ஆறு விரல் வேண்டும்.

மூன்றாவது பெடல். விரல் அரை வினாடியில் எழுந்துவிட்டது; பெடலால் ஒலி நான்கு வினாடி நின்றது. தாளில் எழுத வேண்டியது அரை வினாடிச் சுரமும் ஒரு பெடல் குறியும். காதுக்குக் கேட்டதை அப்படியே எழுதினால் நீண்ட சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

நான்காவது, எனக்கு மிகப் பிடித்தது, எழுத்துக்கூட்டல். ‘சி’க்கும் ‘டி’க்கும் இடையில் ஒரு கறுப்புக் கட்டை. அதை ‘சி ஷார்ப்’ என்றும் எழுதலாம், ‘டி ஃபிளாட்’ என்றும் எழுதலாம். கட்டை ஒன்று, ஒலி ஒன்று, எழுத்து இரண்டு; அறையும் அரையும்தான்.

நம் மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்வோம். சரளி வரிசை பயிலும் ராகம். ஒரு கட்டைச் சுருதியில், அதாவது ‘சி’யைச் சட்ஜமாக வைத்தால், ச = சி, ரி = டி ஃபிளாட், க = இ, ம = எஃப், ப = ஜி, த = ஏ ஃபிளாட், நி = பி. ஏழு சுரம், ஏழு எழுத்து. ஐந்துகோட்டில் படிப்படியாக ஏறும் ஏணி. இதே சரளி வரிசையைப் பியானோவில் வாசித்து மென்பொருளிடம் கொடுத்தால், அது ரிஷபத்தைச் ‘சி ஷார்ப்’ என்றும் தைவதத்தை ‘ஜி ஷார்ப்’ என்றும் எழுதிவிட வாய்ப்புண்டு. அப்போது ‘சி’ இருக்கும் இடத்திலேயே ரிஷபமும் உட்கார்ந்துகொள்ளும். ‘டி’யின் இடம் காலி. ‘ஜி’ இருக்கும் இடத்தில் தைவதம். ‘ஏ’யின் இடம் காலி. வாசித்தால் ஒலி சரியாகத்தான் வரும். பார்க்கும் பிள்ளைக்கு ச-ச-க-ம-ப-ப-நி போலத் தெரியும். ஏணியில் இரண்டு படி இல்லை.

மென்பொருளைக் குறை சொல்லியும் பயனில்லை. மேல்நாட்டு இசையில் தாளின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃபிளாட் தொகுதிகளில் எதிலும் மாயாமாளவகௌளை அப்படியே அடங்காது. எஃப் மைனர் என்று நினைத்து நான்கு ஃபிளாட் போட்டால், ‘இ’யிலும் ‘பி’யிலும் ஒவ்வொரு முறையும் நேச்சுரல் குறியால் நீக்க வேண்டும். தொகுதியே இல்லாமல் விட்டு, வேண்டிய இடத்தில் டி ஃபிளாட், ஏ ஃபிளாட் என்று எழுதுவதே தெளிவு. இந்த முடிவை எடுக்க ராகம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சட்ஜம் எது என்று நாம் சொல்லிவிட்டால் மிடி எண்களை ச ரி க ம எழுத்துகளாக மாற்றுவது சிறு நிரல் எழுதத் தெரிந்த மாணவர் செய்யக்கூடிய வேலைதான். கணினி அறிவியல் படிப்பவர்கள் முயன்று பார்க்கலாம். கமகத்தைப் பற்றிய கவலை பியானோவில் குறைவு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழுக்கும் ஒலி அந்த வாத்தியத்தில் வராது என்பதால், அனில் சீனிவாசன் போன்று கருநாடக இசையைப் பியானோவில் வாசிப்பவர்கள் வேறு வழிகளைத் தேடுகிறார்கள். வாசிப்பில் இல்லாத ஒன்றைத் தாளில் தேட வேண்டியதில்லை.

தாளின் மதிப்பு

எழுதி என்ன ஆகப்போகிறது, பதிவு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பதிவைக் கேட்டு மகிழலாம். இன்னொருவர் அதைப் பார்த்து வாசிக்க முடியாது. சட்டத்திலும் ஒரு செய்தி உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டபோது, அச்சிட்டோ எழுதியோ வரைந்தோ வைக்கப்பட்டதையே இசைப் படைப்பு என்று வரையறுத்தது. காதால் கற்று வாயால் கற்பிக்கும் நாட்டில் எழுதிய மெட்டுக்கு மட்டும் உரிமை! 1994 திருத்தம் வந்த பிறகுதான் எழுதாத இசையும் அந்த வரையறைக்குள் வந்தது. பதிப்புரிமை இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நிற்கும். எனவே திரைப்பாடலை மென்பொருளில் போட்டுத் தாள் எடுத்துப் பயிற்சி செய்யும் மாணவர், அதையே அச்சிட்டு விற்கப் புறப்பட்டால் அனுமதி வாங்க வேண்டும்.

செய்முறையும் ஓர் அனுபவமும்

புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காதால் கேட்டே பியானோ வாசித்தவர். தாள் பார்த்து வாசிக்கத் தெரியாது. கிறிஸ்துமசுக்காக அவரே கட்டிய மெட்டுகள் ஏழெட்டு உண்டு. ஒன்றும் எழுதப்படவில்லை. இப்போது வலக்கை நடுங்குகிறது. இசைத் தேர்வுகளுக்குப் படிக்கும் பேத்தி தாத்தாவின் ஒரு மெட்டையாவது தாளில் பார்க்க வேண்டும் என்றாள். ‘‘சார், கம்ப்யூட்டர்ல போட்டா வந்துடுமாமே?’’ என்று பெரியவர் கேட்டார். வந்துவிடும் ஐயா என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

முதல் முறை கைப்பேசியைப் பியானோ மேலேயே வைத்துப் பதிவு செய்தோம். கட்டை அழுந்தும் ‘டொக்’ ஒலி எல்லாவற்றையும் மூழ்கடித்தது. வந்த தாள் பதினொரு பக்கம். மூன்று நிமிட மெட்டுக்குப் பதினொரு பக்கம்! எறும்புப் புற்று என்று மேலே சொன்னேனே, அது அங்கே பார்த்ததுதான். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ‘‘இது நான் வாசிச்சதா?’’ என்றார்.

அடுத்த முறை சில திருத்தங்கள் செய்தோம். இவை எவருக்கும் பயன்படும். பியானோவின் சுருதியை முதலில் சரிசெய்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். கைப்பேசியை நான்கடி தள்ளி, மெத்தை போட்ட நாற்காலியில் வைத்தோம். சுருக்காத ஒலிக்கோப்பாக, அதாவது வேவ் வடிவில் பதிந்தோம். அவருக்குப் பிடித்தபடி ஒருமுறை. பேத்தி பக்கத்தில் நின்று சீராகத் தாளம் தட்டாமல் தலையசைக்க, இழுப்பில்லாமல் இன்னொருமுறை. இந்த இரண்டாவது பதிவுதான் தாளுக்கு. பெடலை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார்.

பதிவை மிடியாக மாற்றியதும் நேரே அச்சுக்குப் போகாமல், மியூஸ்ஸ்கோர் என்னும் இலவச மென்பொருளில் திறந்தோம். அடி எங்கே தொடங்குகிறது என்பதைக் கையால் காட்டினோம். மிகச் சிறிய சுர அளவு பதினாறில் ஒரு பங்கு, அதற்குக் கீழே போகாதே என்று கட்டளை. அந்த ஒரே கட்டளையில் பதினொரு பக்கம் ஐந்தாகச் சுருங்கியது. பிறகு இடக்கைப் பெருவிரல் சுரங்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினோம். பேத்தி மெல்ல வாசித்துக் காட்ட, விடுபட்ட சுரங்களைப் பெரியவர் காதாலேயே பிடித்தார். மேல்ஸ்தாயி இரட்டைச் சுரங்கள்தான் பெரும்பாலும் விடுபட்டிருந்தன. காரணம் மேலே பார்த்தோம். மொத்தம் நான்கு மாலைகள்.

கோப்பைச் சேமிப்பதைப் பற்றி ஒரு சொல். மென்பொருளின் சொந்த வடிவில் மட்டும் வைத்திருக்காதீர்கள். 1988 முதல் உலகெங்கும் இசைத்தாள் எழுதுவோர் பயன்படுத்திவந்த ஃபினாலே என்னும் மென்பொருளை 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம் நிறுத்திவிட்டது. அதன் வடிவில் மட்டும் தம் படைப்புகளை வைத்திருந்தவர்கள் அவசரமாக மாற்ற வேண்டியதாயிற்று. மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவில் ஒரு படி, பிடிஎஃப் ஆக ஒரு படி, தாளில் ஒரு படி என மூன்றும் இருக்கட்டும். மூல ஒலிப்பதிவையும் அழிக்க வேண்டாம். இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது மறுபடி கேட்கலாம்.

பெரியவரின் மெட்டு முடிவில் நான்கு பக்கமாக அச்சாயிற்று. கடைத்தெருவில் அச்செடுத்து வந்த தாளைப் பேத்தி பியானோவில் வைத்து வாசித்தாள். ஒரு வரி முடிந்ததும் பெரியவர் கையை உயர்த்தினார். ‘‘அங்க கொஞ்சம் நில்லும்மா. மூச்சு விடணும்.’’ அந்த இடத்துக்கு உரிய குறி ஐந்துகோட்டில் உண்டு, மென்பொருளிலும் உண்டு. அவள் கணினியைத் திறக்கவில்லை. பென்சிலை எடுத்து, அந்தச் சுரத்துக்கு மேலே ‘தாத்தா இங்கே நிற்பார்’ என்று தமிழில் எழுதிக்கொண்டாள். நான்கு பக்கத்தில் இப்போது அப்படி ஆறு இடங்கள் இருக்கின்றன.